இருலெகி மலையில் கிடைத்த கை

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு கையைப் பற்றி இன்று பேச ஆசைப்படுகிறேன். வெண்கலத் தகட்டில் வெட்டிய வலது கை. பதினான்கு சென்டிமீட்டர் உயரம், சுமார் 36 கிராம் எடை. விரல் நகங்களைக்கூட விடாமல் செதுக்கியிருக்கிறார்கள். மணிக்கட்டுப் பக்கம் ஆணி அடிக்க ஒரு துளை. விரல்கள் கீழே பார்த்தபடி இருக்க, வீட்டு வாசலில் அறைந்து வைத்திருக்கலாம்.

ஸ்பெயினின் வடக்கே பாம்ப்லோனா நகரத்துக்குப் பக்கத்தில் இருலெகி என்றொரு மலை. அங்கே எரிந்துபோன ஒரு வீட்டில், 2021 ஜூனில் இது கிடைத்தது. மறுவருடம் மண்ணை நீக்கிச் சுத்தம் செய்தபோதுதான் எழுத்து தெரிந்தது. நான்கு வரி. முதல் சொல் 'சொரியோனெக்கு' என்று வாசித்தார்கள். அந்த வட்டாரத்தில் இன்றும் பேசும் பாஸ்க் மொழியில் 'சொரியோனெக்கோ' என்றால் நற்பேறுள்ள என்று பொருள். இந்த வாசிப்பை எல்லா அறிஞர்களும் ஏற்கவில்லை. எனக்கு நம்பத்தான் தோன்றுகிறது.

அந்த வீட்டில் இருந்தவர்கள் வாஸ்கோன் என்ற இனக்குழு. சொந்த மொழியில் எழுதத் தெரியாதவர்கள் என்றே வெகுகாலம் இவர்களை ஒதுக்கி வைத்திருந்தோம். தெற்கே கெல்ட்டிபீரியர்கள். அவர்களுடைய நுமான்சியா நகரம் ரோமை இருபது வருடம் திணறடித்து, கி.மு. 133-இல் பட்டினியால் விழுந்தது. பெயர் பெற்ற மக்கள். ஆனால் அவர்கள் பேசிய கெல்ட்டிக் மொழியை இன்று பேச ஆளில்லை.

ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் நடுவிலுள்ள பிரனீஸ் மலைக்கு வடக்கே அக்விட்டானியர்கள். ரோமர் காலத்துக் கல்லறைக் கற்களில் இவர்கள் பெயர்களை லத்தீன் எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். ஒருவர் பெயர் கிசோன். பாஸ்க்கில் இன்றும் 'கிசோன்' என்றால் ஆண்பிள்ளை. இன்னொரு பெயர் நெஸ்கட்டோ, அதாவது சிறுமி. யாரோ பெற்றவர்கள் ஆசையாகக் கூப்பிட்ட பெயர்கள்.

சரி, இருலெகிக்கு வருகிறேன். ரோமானியத் தளபதிகள் செர்ட்டோரியஸும் பாம்ப்பேயும் தங்களுக்குள் அடித்துக்கொண்ட போரில், கி.மு. முதல் நூற்றாண்டில், அந்த ஊர் எரிந்தது. யாருடைய சண்டையோ, கருகியது இவர்கள் வீடு. அதிர்ஷ்டம் வேண்டி மாட்டிய கையும் அந்த இடிபாட்டோடு விழுந்து, இரண்டாயிரம் வருடம் அப்படியே கிடந்தது.

அந்த மலையடிவாரத்தில் இன்று ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள் என்றால், பாஸ்க் பேசும் வீட்டில் 'சொரியோனாக்' என்று சொல்லித்தான் வாழ்த்துவார்கள்.