மருந்து அடித்த பிறகு உள்ளே போகிறவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். நான் கிராம சுகாதார செவிலியராக முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதில் பாதிக்கு மேல் ஓசூர், தளி, கெலமங்கலம் பக்கத்துக் கிராமங்களில்தான். பூப் பண்ணை வேலையைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். அந்த வேலைக்குப் போகிற பெண்களின் கையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ரோஜாப் பண்ணையில் நாலைந்து வருடம் வேலை செய்த ஒரு பெண்ணின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பாருங்கள். நுனி கறுத்து, தோல் காய்த்து, வெடிப்பு விட்டிருக்கும். மொட்டு கிள்ளுகிற விரல் அது. ஒரு காம்புக்கு ஒரு மொட்டுதான் நிற்க வேண்டும். பக்கத்தில் துளிர்க்கிற குட்டி மொட்டுகளை நகத்தாலேயே கிள்ளி எறிய வேண்டும். கையுறை போட்டால் கிள்ள வராது, வரிசை முடியாது, மேஸ்திரி சத்தம் போடுவார். அதனால் வெறுங்கைதான். முள் குத்தும், முனை உள்ளேயே ஒடியும். சேஃப்டி பின்னால் நோண்டி எடுத்துவிட்டு அடுத்த செடிக்குப் போவார்கள். டெட்டனஸ் தடுப்பூசி போட்டு எத்தனை வருடம் ஆச்சு என்று கேட்டால், "கடைசிப் புள்ளை வயித்துல இருக்கறப்பப் போட்டதுதாங்கம்மா" என்பார்கள். அந்தப் பிள்ளை கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும்.

முள்ளாவது கண்ணுக்குத் தெரிகிறது. அந்தக் காம்பின் மேலும் இலையின் மேலும் முந்தின நாள் அடித்த பூச்சிமருந்து இருக்கிறதே, அது தெரிவதில்லை.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி உயரம். வெயிலும் கடுமையில்லை, குளிரும் கடுமையில்லை, பெங்களூரு விமான நிலையமும் எட்டுகிற தூரம். அதனால்தான் பாகலூர், பேரிகை, அமுதகொண்டப்பள்ளி என்று எங்கு பார்த்தாலும் வெள்ளைக் கூடாரமாக பாலிஹவுஸ், அதாவது பிளாஸ்டிக் தாள் போர்த்திய செடி வளர்ப்பு ஷெட், நிற்கிறது. காதலர் தினமான பிப்ரவரி 14க்கு வெளிநாட்டுக்குப் போகிற தாஜ்மகால் ரகச் சிவப்பு ரோஜாவுக்கு டிசம்பர் தொடக்கத்திலேயே கிளைகளை வெட்டிக் கவாத்து செய்துவிடுவார்கள். அப்போதிலிருந்து பெட்டி ஏறும் வரைக்கும் பண்ணையில் யாருக்கும் தூக்கம் கிடையாது. பனிக் காலத்தில் சாம்பல் நோய், வெயில் ஏறினால் செம்பேன், இலைப்பேன். பெட்டியில் ஒரு பூச்சி இருந்தாலும் சரக்கு திரும்பிவிடும் என்ற பயத்தில் மருந்து அடிக்கிறார்கள், மறுபடியும் அடிக்கிறார்கள்.

தக்காளிக்கு மருந்து அடித்தால், இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. சாப்பிடுகிற பொருளில் எவ்வளவு மிச்சம் இருக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. பூவை யாரும் தின்பதில்லை, ஆகவே பூவுக்கு அந்த வரம்பு இல்லை. பெல்ஜியத்தில் பூக்கடைக்காரர்களின் கையுறைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட வகை மருந்து அதில் ஒட்டியிருந்தது. அது கடைக்கு வந்து சேர்ந்த பூ. செடியில் இருக்கும்போதே வெறுங்கையால் கிள்ளுகிற நம் ஊர்ப் பெண்ணை நினைத்துப் பாருங்கள்.

மருந்து அடிக்கிற ஆளைப் பற்றியாவது சட்டம் பேசுகிறது. 1971ஆம் ஆண்டின் பூச்சிமருந்து விதிகள் அவருக்குப் பாதுகாப்பு உடை, மருத்துவப் பரிசோதனை, முதலுதவி எல்லாம் சொல்கின்றன. 1923இல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில், விவசாயத்தில் மருந்து தெளிக்கும் வேலை தனியாகவே எழுதப்பட்டிருந்தது. இப்போது அந்தச் சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு என்ற புதிய சட்டத்துக்குள் வந்திருக்கிறது. 2017இல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தவர்கள் இருபது பேருக்கு மேல் இறந்தபோது நாடே பேசியது. ஆனால் அடித்து முடித்து அவர் டேங்கை இறக்கி வைத்த பிறகு, அதே ஷெட்டுக்குள் பத்துப் பெண்கள் போகிறார்களே, அவர்களை யார் கணக்கில் வைத்திருக்கிறார்கள்? எனக்குப் பெரிய கவலை அதுதான்.

ஒரு பிப்ரவரி மாதம். துணை சுகாதார நிலையத்துக்கு ஒரு பெண்ணை டெம்போவில் கொண்டுவந்தார்கள். சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. பண்ணை வேலைக்குப் போகிறவர்களின் சீருடையே அதுதான். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கூட வந்த சூப்பர்வைசர், "காலையில சாப்பிடாம வந்திருக்கும் சிஸ்டர், குளுக்கோஸ் போட்டு அனுப்புங்க" என்றார். வாயில் எச்சில் வழிகிறது, கண் மங்கலாகத் தெரிகிறது என்கிறாள். டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்மணி கடுகு அளவுக்குச் சுருங்கியிருந்தது. சாப்பிடாத மயக்கத்தில் கண்மணி அப்படிச் சுருங்காது. "எப்ப மருந்து அடிச்சாங்க?" என்று கேட்டேன். "நாங்க உள்ள போறப்ப இலையில இன்னும் ஈரம் இருந்துச்சுங்கம்மா" என்றாள். 108ஐ வரவழைத்து அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். அங்கே விஷமுறிவுக்கான அட்ரோபின் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். அந்த அரை நாள் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள் என்று பிறகு சொன்னாள். மூன்றாம் நாள் மறுபடியும் அதே ஷெட்டுக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்கு முந்தைய வருடங்களில் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்று வந்த எத்தனையோ பண்ணைப் பெண்களுக்கு, ரத்த சோகை என்று நினைத்து இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறேன். எங்கே வேலை, என்றைக்கு மருந்து அடித்தார்கள் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற செவிலியர்களும் மருத்துவர்களும் அந்த ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேளுங்கள்.

பாலிஹவுஸுக்குள் மத்தியான வெக்கையில் மூச்சு முட்டும். பக்கவாட்டுத் திரையை இறக்கிவிட்டால் அடித்த மருந்து வெளியே போக வழியில்லை. அமெரிக்காவில் மருந்து லேபிளிலேயே, அடித்த பிறகு இத்தனை மணி நேரம் ஆள் உள்ளே போகக் கூடாது என்று அச்சடிக்கிறார்கள். வீரியத்தைப் பொறுத்து 4 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரம் வரைக்கும், சிலவற்றுக்கு அதற்கு மேலும். அதையே நாமும் கடைப்பிடித்தால் என்ன செலவு ஆகிவிடும்? சாயங்காலம் ஆட்கள் வீட்டுக்குப் போன பிறகு அடியுங்கள். முடித்துவிட்டு, காற்று போக ராத்திரி முழுக்கத் திரையைத் தூக்கி வையுங்கள். எந்த மருந்து, எத்தனை மணிக்கு என்று வாசலில் எழுதி வையுங்கள். கை கழுவ ஒரு குழாயும் சோப்பும், சோறு சாப்பிட மருந்து வைக்கிற அறையிலிருந்து தள்ளி ஓர் இடமும் வேண்டும். கர்ப்பிணி என்று தெரிந்தால் அந்தப் பெண்ணுக்கு ஷெட்டுக்கு வெளியே வேலை கொடுங்கள், கூலியைக் குறைக்காதீர்கள்.

தோட்டத் தொழிலாளர் சட்டம் என்று 1951இல் ஒன்று வந்தது. தேயிலை, காப்பி, ரப்பர் தோட்டங்களை மனதில் வைத்து வந்த சட்டம் அது. பாலிஹவுஸைத் தொழிற்சாலை என்றும் யாரும் சொல்வதில்லை. அதற்காக பூப் பண்ணைக்குச் சட்டமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். குறைந்தபட்சக் கூலி 1948லிருந்தே விவசாய வேலைக்கும் உண்டு. இப்போது அது ஊதியத் தொகுப்பு என்ற புதிய சட்டத்துக்குள் வந்திருக்கிறது. அரசு வைத்த கூலிக்குக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்புக்குச் சமம் என்று 1982லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரே வேலைக்கு ஆண் கூலி, பெண் கூலி என்று பிரிக்கக் கூடாது என்பது 1976லிருந்து சட்டம். மேற்பார்வை பார்க்கிறவர் தப்பாக நடந்தால், பத்துப் பேருக்குக் குறைவாக இருக்கிற இடத்துப் பெண்கள் மாவட்ட அளவில் இருக்கிற உள்ளூர்ப் புகார்க் குழுவுக்கு எழுதலாம். கலெக்டர் அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

தர்மபுரிப் பக்கம் கேட்கிறவர்கள், இது ஓசூர்ப் பெரிய பண்ணைக்காரர்கள் விஷயம் என்று நினைக்கலாம். பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் சாமந்தி, குண்டுமல்லி வைத்திருக்கிற அரை ஏக்கர்க்காரரும் அதே மருந்தைத்தான் வாங்குகிறார். அங்கே முதலாளி, கூலியாள் என்ற பேதம்கூட இல்லை. அவர் அடிக்கிறார், அவர் சம்சாரம் விடிகாலையில் பறிக்கிறார், லீவு நாளில் பிள்ளைகளும் கூடப் போகிறார்கள். மருந்து அடித்த சட்டையைப் பிள்ளைகள் துணியோடு ஊற வைக்காதீர்கள். காலி பாட்டிலில் மண்ணெண்ணெய்கூட ஊற்றி வைக்காதீர்கள்.

ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து பண்ணையிலேயே தங்கி வேலை செய்கிற குடும்பங்களுக்குத் தமிழ் லேபிள் புரியாது. அவர்களுக்கு நிறத்தைக் காட்டிச் சொல்லுங்கள். டப்பாவில் இருக்கிற சாய்சதுரத்தின் கீழ்ப் பாதி சிவப்பு என்றால் கொடிய விஷம், அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பச்சை. பச்சை என்றாலும் விஷம்தான், வீரியம் குறைவு, அவ்வளவே. யாராவது மயங்கி விழுந்தால் சட்டையைக் கழற்றி, உடம்பை சோப்புப் போட்டுக் கழுவி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அந்த மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். டப்பாவைப் பார்த்தால்தான் டாக்டருக்கு எந்த விஷம் என்று தெரியும்.

பேரிகைப் பக்கம் ஒரு பண்ணைக்காரரிடம் இதையெல்லாம் பேசினேன். பொறுமையாகக் கேட்டார். வாசலில் கரும்பலகை மாட்டினார். ஒரு வாரம் கழித்துப் போனபோது, அங்கே வேலை செய்கிற ஒரு பாட்டி, "எங்களுக்கு எழுத்து தெரியாதே நர்சம்மா" என்றார். அன்றைக்கே அந்தப் பாட்டி தன் பழைய சிவப்புப் பாவாடையைக் கிழித்துக் கொடுத்தார். மருந்து அடித்தால் அந்தத் துணி கதவில் தொங்கும். மறுநாள் காலையில் திரை தூக்கியிருக்கிறதா, இலை காய்ந்திருக்கிறதா என்று பார்த்து, அதை அவிழ்க்கிற வேலையை அந்தப் பாட்டியிடமே கொடுத்திருக்கிறார்கள். அவர் அவிழ்க்கும் வரைக்கும் மேஸ்திரி உட்பட ஒருவரும் உள்ளே போவதில்லை.

நன்றி, வணக்கம்.