அம்மியும் நகரும்

(நியூஜெர்சியில் நம் தமிழ்ச் சங்கத்தின் 2026 பொங்கல் விழாவில் பேசியது. நண்பர்கள் கேட்டதால் எழுதித் தருகிறேன்.)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவி அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் முன்னாள் தலைவர் ஐயா அவர்களே, நம் அழைப்பை மதித்து, குளிரையும் பார்க்காமல் வந்திருக்கும் நகரமன்ற உறுப்பினர் அவர்களே, காலை ஏழு மணிக்கே வந்து வாசலில் கோலம் போட்ட மகளிர் குழுவினரே, ஒரு காசு வாங்காமல் ஞாயிறுதோறும் நம் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கும் தமிழ்ப் பள்ளி ஆசிரியைகளே, உங்கள் அனைவருக்கும் பொங்கல் வணக்கம். ஆசிரியைகளுக்கு மட்டும் இன்னொரு கைதட்டல் கொடுங்கள். ஆண்டு முழுக்க உழைக்கிறவர்களை நாம் ஒருநாள்தான் மேடையில் நினைக்கிறோம். பின்னால் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கும் என் வணக்கம். வாசனை இங்கே வரைக்கும் வருகிறது, அதனால் நான் வளர்த்தப் போவதில்லை.

மூன்று விஷயங்கள் சொல்லப்போகிறேன். ஒன்று வரிசை. இரண்டு செலவு. மூன்று எல்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு என் பழமொழியும் தெரியும்: அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். சங்கக் கூட்டங்களில் இருபது வருடமாக இதைத்தான் சொல்லி வருகிறேன். இன்றைக்கு நிஜமாகவே ஓர் அம்மியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2007இல் என் அம்மா கோவில்பட்டியிலிருந்து எங்களோடு இருக்க வந்தார். பெட்டியில் பாதி எடை ஒரு குட்டி அம்மி. பழைய சுங்குடிச் சேலையில் சுற்றி, நடுவில் குழவியைச் சொருகி, மேலே முறுக்கு டப்பா வைத்துக் கொண்டுவந்திருந்தார். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்த்த அதிகாரி இது என்ன என்று கேட்க, அம்மா குனிந்து கையாலேயே அரைத்துக் காட்டினாராம். அவரும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். "மிக்ஸில அரைச்சா துவையல் சூடாயிரும்டா" என்பது அம்மாவின் கட்சி. அந்தக் கட்சியில் கடைசி வரை அவர் உறுதியாக இருந்தார்.

மறுவருடம் எங்கள் வீட்டுச் சமையலறைக்கு டைல்ஸ் ஒட்ட ஒருவர் வந்தார். மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலா நாட்டுக்காரர், முப்பது வயது இருக்கும். அவருடைய பெயரை இங்கே சொல்ல மாட்டேன். என் அம்மா அவரைத் தம்பி என்றுதான் கூப்பிட்டார், நானும் அப்படியே சொல்கிறேன். மலைநாட்டுப் பூர்வகுடியான மாயா இனத்தவர். தாய்மொழி கிச்சே. ஸ்பானிஷே அவருக்கு இரண்டாவது மொழி, ஆங்கிலம் மூன்றாவது. அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான்.

நான் வேலைக்குப் போய்விட்டேன். மதியம் அம்மாவிடமிருந்து போன். "டேய், இந்தத் தம்பி அம்மியைப் பார்த்து அழுவுறான்டா, என்னன்னு கேளு." போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன். சுத்தி வளைத்துச் சொன்னார். அவருடைய ஊரில் அவருடைய அம்மா இதே மாதிரி ஒரு கல்லில்தான் சோளம் அரைப்பாராம். அந்தக் கல்லுக்கு மூன்று கால் உண்டு. அவருடைய அம்மா மண்டியிட்டு அரைப்பார், என் அம்மா சப்பணமிட்டு அரைக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பதினான்கு வருஷம் ஆகிறது என்றார்.

நான் வீட்டுக்கு வந்து பார்த்தால், டைல்ஸ் பாதியில் நிற்கிறது. அந்தத் தம்பி கையைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு, மண்டியிட்டு உட்கார்ந்து, தேங்காய்த் துவையல் அரைத்துக்கொண்டிருக்கிறார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "கொஞ்சம் தண்ணி தெளி, அமுக்காதே, இழு" என்று தமிழில் சொல்கிறார். அவர் கிச்சேயிலோ ஸ்பானிஷிலோ ஏதோ பதில் சொல்கிறார். இரண்டு பேருக்கும் எல்லாம் புரிகிறது. அன்றிலிருந்து எந்த வீட்டில் வேலை இருந்தாலும் வாரம் ஒருநாள் எங்கள் வீட்டில் அவருக்குச் சாப்பாடு. அம்மாவின் எலுமிச்சை ஊறுகாயைப் பொரியல் மாதிரி அள்ளிச் சாப்பிட்ட ஒரே ஆள் அவர்தான்.

2011இல் அவருடைய அம்மா ஊரில் இறந்துபோனார். போக முடியவில்லை. ஏன் என்றால், அவர் 1994இல் பதினேழு வயதில் எல்லை தாண்டி வந்தவர். அங்கே உள்நாட்டுப் போர், 1960இல் தொடங்கி 1996 வரை நடந்தது. செத்தவர்களும் காணாமல் போனவர்களும் இரண்டு லட்சம் பேர், பெரும்பாலும் மாயா மக்கள். 1996இல் இந்த நாட்டில் ஒரு சட்டம் வந்தது. அனுமதிக் காகிதம் இல்லாமல் ஓராண்டுக்கு மேல் இருந்தவர் நாட்டைவிட்டு வெளியே காலை வைத்தால், பத்து வருஷம் திரும்ப வர முடியாது. அம்மாவுக்குக் கொள்ளி போடப் போனால், இங்கே பிறந்த இரண்டு பிள்ளைகளைப் பத்து வருஷம் பார்க்க முடியாது. அன்று சாயங்காலம் அவர் எங்கள் சமையலறைத் தரையில் வந்து உட்கார்ந்தார். என் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

2017இல் என் அம்மா ஊருக்குப் போயிருந்தபோது போய்ச் சேர்ந்தார். செய்தி வந்த அன்று இரவே நான் விமானம் ஏறினேன். எல்லாக் காரியமும் முடித்துப் பதினெட்டாம் நாள் திரும்பி வந்தேன். என் பையில் கிரீன் கார்டு இருந்தது, அவருடைய பையில் இல்லை. நான் நல்ல பிள்ளை, அவர் கெட்ட பிள்ளை என்று யாராவது சொன்னால் என்னால் தாங்க முடியாது. அம்மியை அவரிடமே கொடுத்தேன்.

போன செப்டம்பரில் விடிகாலை வேலைக்குப் போகும் வழியில் குடியேற்ற அதிகாரிகள் அவருடைய வண்டியை நிறுத்தினார்கள். இரண்டு மாதம் காவலில் வைத்தார்கள். அப்புறம் குவாத்தமாலாவுக்கே அனுப்பிவிட்டார்கள். முப்பத்தொரு வருஷம் இங்கே இருந்தவர். அவர் டைல்ஸ் ஒட்டிய வீடுகள் இந்த அரங்கத்தில் இருப்பவர்களிலேயே நாலைந்து பேருக்கு இருக்கும்.

சரி, வரிசைக்கு வருகிறேன். நம்மில் பலர் கேட்கிற கேள்வி, நேர்மையான கேள்விதான்: "நாங்க வரிசையில நின்னு வந்தோம். அவங்களும் வரிசையில வரட்டுமே?" ஐயா, எந்த வரிசை? நம் வரிசை எவ்வளவு நீளம் என்று நமக்குத் தெரியும். வேலைவழி கிரீன் கார்டு ஆண்டுக்கு ஏறக்குறைய 1,40,000, அதில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம்தான் என்று கணக்கு. காத்திருந்து காத்திருந்து, மூன்று வயதில் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளை 21 வயதில் நம் விசாவிலிருந்து விழுந்துவிடுகிறது. ஆனாலும் நமக்கு ஒரு வரிசை இருக்கிறது. டைல்ஸ் ஒட்டுகிறவர், தோட்டம் பார்க்கிறவர், கோழிப் பண்ணையில் நிற்கிறவர், இவர்களுக்கு உலகம் முழுமைக்கும் சேர்த்துச் சட்டம் வைத்திருப்பது ஆண்டுக்கு அதிகபட்சம் 10,000 இடம். ரேஷன் கடையில் கவுண்டரையே மூடிவிட்டு, ஏன் வரிசையில் வரவில்லை என்று கேட்பதுபோல இது.

"அது லத்தீன்காரங்க பிரச்சினை" என்றும் சொல்கிறார்கள். 2025 பிப்ரவரியில் அமிர்தசரஸில் ஓர் அமெரிக்க ராணுவ விமானம் இறங்கியது. அதில் கையிலும் காலிலும் விலங்கோடு போனவர்கள் 104 இந்தியர்கள். 2020இல் இந்த நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு ஓர் ஈழத் தமிழருடையது. மெக்சிகோ எல்லையிலிருந்து 25 கஜ தூரத்தில் பிடிபட்டவர். இலங்கையில் என்னை வெள்ளை வேனில் கடத்திப் போய் அடித்தார்கள், புகலிடம் கொடுங்கள் என்று கேட்டார். ஏழு நீதிபதிகள் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள், இருவர் மறுத்தார்கள். முழு விசாரணை இல்லாமலே நாட்டைவிட்டு அனுப்பும் விரைவு நீக்க உத்தரவை அவர் நீதிமன்றத்தில் எதிர்க்கும் வழி அதோடு அடைபட்டது. பிரச்சினை யாருடையது என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்போது நான் எதற்காக வந்தேனோ அதற்கு வருகிறேன். குடியேற்றச் சட்டத்தில் 249ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ரெஜிஸ்ட்ரி என்பார்கள். நம் ஊர்க் கணக்கில் நான் அதைப் பட்டா என்பேன். புறம்போக்கில் குடிசை போட்டுத் தலைமுறையாக இருக்கிறவர்களுக்கு, விசாரித்துப் பார்த்து வீட்டுமனைப் பட்டா கொடுப்பதில்லையா? அதே யோசனைதான். ஒரு குறிப்பிட்ட தேதிக்கு முன்னால் வந்து, தொடர்ந்து இங்கேயே இருந்து, நன்னடத்தையோடு வாழ்ந்தவர் எப்படி வந்திருந்தாலும் கிரீன் கார்டு கேட்கலாம்.

இது யாரோ நேற்றுக் கண்டுபிடித்த தாராளம் என்று நினைக்காதீர்கள். 1929 மார்ச் 2இல் வந்த சட்டம். அனுமதியில்லாமல் எல்லை தாண்டுவதைக் குற்றமாக்கிய சட்டம் அதற்கு இரண்டே நாள் கழித்து, மார்ச் 4இல் வந்தது. ஒரு கையால் கதவைப் பூட்டிய அதே அமெரிக்கக் காங்கிரஸ்தான், ஏற்கெனவே உள்ளே வந்து வேர்விட்டவர்களுக்கு இன்னொரு கையால் பட்டா கொடுத்தது. அன்றைக்கு அதில் பயன்பெற்றவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியரும் கனடாக்காரரும். நமக்கெல்லாம் அப்போது கதவே கிடையாது. 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில் இந்தியருக்குக் குடியுரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1946இல் திறந்தபோதும் ஆண்டுக்கு 100 பேர்தான்.

1929இல் வைத்த தேதி 1921 ஜூன் 3. அதாவது எட்டு வருஷம்கூட ஆகாதவர்களுக்குப் பட்டா. அப்புறம் அந்தத் தேதியை நான்கு முறை நகர்த்தினார்கள். இரண்டாவது முறை, 1958இல், 1940க்கு நகர்ந்தது. 1965இல் 1948க்கு. இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். 1965 அக்டோபர் 3இல் சுதந்திர தேவி சிலைக்குக் கீழே ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்துப் போட்டாரே, நம் டாக்டர்களும் எஞ்சினியர்களும் வர வழி திறந்த சட்டம், அதே சட்டத்துக்குள்தான் இந்தத் தேதியையும் நகர்த்தினார்கள். நமக்குக் கதவைத் திறந்த நாளும் அவர்களுக்குப் பட்டா கிடைத்த நாளும் ஒரே நாள். கடைசியாக 1986 நவம்பர் 6இல், ரேகன் கையெழுத்தில், 1972 ஜனவரி 1க்கு நகர்ந்தது. அதே சட்டத்தில் தனியாக ஏறக்குறைய 27 லட்சம் பேருக்குக் காகிதமும் கிடைத்தது.

அதற்குப் பிறகு அந்த அம்மி நகரவே இல்லை. வருகிற நவம்பரோடு நாற்பது வருஷம். இன்றைக்குப் பட்டா கேட்க வேண்டுமானால் 54 வருஷத்துக்கு முன்னால் வந்திருக்க வேண்டும்! என் அம்மா தம்பி என்று கூப்பிட்ட அந்த டைல்ஸ்காரர் 1994இல் வந்தவர். 1929இல் இருந்த தாராளம் இன்றைக்கு இருந்திருந்தால் 2002லேயே அவருக்குக் காகிதம் கிடைத்திருக்கும். தன் அம்மாவுக்குக் கொள்ளி போட்டுவிட்டுத் திரும்பி வந்திருப்பார்.

"சட்டத்தை மீறினவருக்குப் பரிசா?" என்பார்கள். கடன் பத்திரத்துக்கு மூன்று வருஷம், அடுத்தவர் நிலத்தில் அனுபவ பாத்தியதைக்குப் பன்னிரண்டு வருஷம் என்று நம் ஊர்ச் சட்டத்திலேயே காலவரம்பு இருக்கிறது. காலம் போனால் வழக்கும் ஓயும் என்பது நாகரிகமான எல்லா நாட்டுக்கும் பொது. முப்பது வருஷம் உழைத்து, வரி கட்டி, பிள்ளை வளர்த்த மனிதருக்கு மட்டும் அந்த நாகரிகம் கிடையாதா? காகிதம் இல்லாதவர்கள் 2022இல் மட்டும் கட்டிய வரி 9,670 கோடி டாலர் என்று ஒரு வரி ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. சமூகப் பாதுகாப்பு நிதிக்கும் கட்டுகிறார்கள்; அந்த ஓய்வூதியம் அவர்களுக்குக் கிடைக்காது.

செலவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2025 ஜூலை 4இல் கையெழுத்தான சட்டத்தில் ஆட்களைப் பிடித்து அடைத்து வைப்பதற்கு மட்டும் 4,500 கோடி டாலர். குடியேற்ற நீதிமன்றங்களில் 30 லட்சத்துக்கு மேல் வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன. அங்கே நிற்கிறவருக்கு வக்கீல் வைக்கக் காசில்லை என்றால் அரசு வைத்துத் தராது, அது ஐந்து வயதுக் குழந்தையாக இருந்தாலும். எனக்கு இதைவிட வேறு எண் தேவையில்லை.

தலைவி அம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார், அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. எல்லையைப் பற்றி வேறொரு மேடையில் பேசுகிறேன். நகரமன்ற உறுப்பினர் இங்கே இருப்பதால் அவரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். 2022இல் கீழவையில் ஜோ லாஃப்கிரென் ஒரு மசோதா கொண்டுவந்தார், செனட்டில் அலெக்ஸ் பாடீயா கொண்டுவந்தார். இனிமேல் தேதியே வேண்டாம், ஏழு வருஷம் தொடர்ந்து இருந்தவர் கேட்கலாம் என்பதுதான் அதன் சாரம். அது நிறைவேறவில்லை, இன்னமும் அதற்காக முயல்கிறார்கள். நம் நகரமன்றம் அதை ஆதரித்து ஒரு தீர்மானம் போட வேண்டும். சின்ன ஊர்த் தீர்மானத்தால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள் ஐயா. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். அது நான்கு முறை நகர்ந்த அம்மி.

மற்றவர்களுக்கு: சாப்பாட்டுக்குப் போகும் வழியில், கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு மேசை போட்டிருக்கிறோம். நம் தொகுதி உறுப்பினருக்கும் இரண்டு செனட்டர்களுக்கும் அனுப்ப வேண்டிய கடிதம் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்து வைத்திருக்கிறது. பெயர், முகவரி, கையெழுத்து போட்டால் போதும். மேசையில் ஒரு பெண் இருப்பாள். 22 வயது, நர்சிங் படிக்கிறாள், இந்த ஊரில் பிறந்தவள். "வணக்கம், சாப்டீங்களா" என்று தமிழில் கேட்பாள். அது என் அம்மா சொல்லிக்கொடுத்தது. மேசைமேல் கடிதங்கள் காற்றில் பறக்காமல் இருக்கக் கறுப்பாக ஒரு குழவி வைத்திருக்கிறாள். அதை எடுத்து வைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நன்றி, வணக்கம்.