60 அடியில் 1.98: இன்ஜினைத் தொடாமலே 15 விநாடிக்குள் வந்துவிட்டேன்

வணக்கம் நண்பர்களே. டிராக் ரேஸில், அதாவது கால் மைல் நேர்த்தடப் பந்தயத்தில், என் காருக்குக் கிடைத்த டைம் ஸ்லிப் இது, ஓட்டத்தின் நேரங்களை அச்சிட்டுத் தரும் சீட்டு. பாருங்கள். கேமராவுக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுவருகிறேன். இரண்டாவது வரி, 60 அடி என்று போட்டிருக்கிறதே, கிளம்பியதும் முதல் 60 அடியைக் கடக்க எடுத்த நேரம், அங்கே 1.98! இரண்டு விநாடிக்குக் கீழே! கீழே உள்ள 14.91, முழு ஓட்டத்தின் நேரம், உங்கள் கண்ணில் முதலில் பட்டிருக்கும். அதற்குப் பிறகு வருகிறேன். எனக்கு இன்று பெரிது இந்த 1.98தான்.

போன வீடியோவில் இதே வண்டி, இதே டயரில் 2.21 காட்டியது நினைவிருக்கும். உடனே பலர் டர்போ போடு, எக்ஸாஸ்டை மாற்று என்று எழுதினீர்கள். அன்பாகச் சொன்னதுதான், ஆனால் எனக்கு எரிச்சல் வந்தது. கிளம்பும்போதே சக்கரம் வீணாகச் சுழல்கிற வண்டிக்கு இன்னும் சக்தியைக் கொடுத்தால் இன்னும் வேகமாக வீணாகச் சுழலும், அவ்வளவுதான்!

இந்த முறை மாற்றியவை இரண்டே. ஒன்று, முன் டயர் காற்று. என்னுடையது முன்சக்கரம் இழுக்கும் வண்டி. கிளம்பும் நொடியில் பாரமெல்லாம் பின்னால் சாய்ந்துவிடும், இழுக்க வேண்டிய முன்சக்கரம் லேசாகிவிடும். அதனால் 33 பிஎஸ்ஐயிலிருந்து 26க்கு இறக்கினேன். டயர் தரையில் படியும் பரப்பு கூடும், பிடிப்பு கூடும். இதற்கும் கீழே இறக்க எனக்குச் சம்மதமில்லை. முடிவுக் கோட்டைத் தாண்டும் வேகத்தில் டயரின் பக்கச்சுவர் நெளிவதை நான் விரும்பவில்லை. இரண்டு, கிளட்ச். முன்பு இன்ஜினை நிமிடத்துக்கு 4000 சுற்றில் வைத்து ஒரேயடியாக விட்டேன். இப்போது 2500இல் வைத்து, கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் இடத்திலேயே காலை ஒரு கணம் தாங்கி, அப்புறம்தான் முழுவதும் எடுத்தேன். டயர் ஒரே ஒரு முறை கீச்சிட்டது, ஸ்டியரிங் இடப்பக்கம் கொஞ்சம் இழுத்தது, வண்டி பாய்ந்துவிட்டது. அந்த இழுப்பு கைக்குத் தெரிந்தபோதே இது நல்ல ஓட்டம் என்று புரிந்துவிட்டது.

இப்போது 14.91க்கு வருகிறேன். கால் மைலுக்கு, அதாவது 402 மீட்டருக்கு, முன்பு 15.24. தொடக்கத்தில் 0.23 விநாடி மிச்சம் பிடித்தேன், முடிவில் அது 0.33 ஆகிவிட்டது. 60 அடியில் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு பத்தில் ஒரு பங்கு விநாடியும் கோட்டுக்குப் போவதற்குள் ஒன்றரை மடங்கு, சில நேரம் இரண்டு மடங்குகூட ஆகும். சந்தேகம் இருந்தால் கடைசி வரியைப் பாருங்கள்: மணிக்கு 148 கிலோமீட்டர். கடைசி 66 அடியில் அளக்கும் வேகம் அது. போன முறையும் 148தான். இன்ஜின் எவ்வளவு இழுக்கிறது என்பதை அந்த எண் காட்டிக்கொடுத்துவிடும். அது மாறவில்லை. மாறியது கிளம்பிய விதம் மட்டும்தான். போதுமா?

அடடா, முதல் வரியை விட்டுவிட்டேன். 0.12. பச்சை விளக்குக்கும் நான் கிளம்பியதற்கும் இடையே உள்ள நேரம் அது. பக்கத்துத் தடத்தில் நின்ற வண்டி என்னுடையதைவிடச் சக்தி வாய்ந்தது, அவர் ஓடிய நேரம் 14.60. ஆனால் கோட்டை முதலில் தொட்டது நான்! வண்டி தொடக்கக் கோட்டின் ஒளிக்கற்றையை விட்டு நகரும்போதுதான் ஓட்ட நேரம் எண்ணத் தொடங்குகிறது, பச்சை எரியும்போது அல்ல. அவர் கிளம்ப எடுத்தது 0.61. கூட்டிப் பாருங்கள்: அவருக்கு 15.21, எனக்கு 15.03. தொடக்கக் கோட்டின் விளக்குக் கம்பத்தில் பச்சைக்கு முன் மூன்று மஞ்சள் விளக்குகள் அரை விநாடிக்கு ஒன்றாக இறங்கி வரும். மூன்றாவது மஞ்சள் எரியும்போதே கால் அசைய வேண்டும். பச்சையைப் பார்த்துத்தான் கிளம்புவேன் என்றால் பந்தயம் அங்கேயே போய்விட்டது. அவசரப்பட்டு முந்தினால் சிவப்பு, அதுவும் தோல்விதான்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட மாட்டேன். பர்ன்அவுட், அதாவது டயரைச் சூடாக்க நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழற்றுவது, செய்கிறோம் என்று தண்ணீர்க் குழிக்குள் நேராக இறங்குகிறார்களே, சாதாரண டயரில் அதைச் செய்யாதீர்கள்! பள்ளமே இல்லாத பந்தய டயருக்காக ஊற்றிய தண்ணீர் அது. நம் டயரின் பள்ளங்கள் அந்தத் தண்ணீரை அள்ளிக்கொண்டு போய்த் தொடக்கக் கோட்டில் சொட்டும். அடுத்து வருபவர் வழுக்குவார். எனக்கு முன்னால் நின்றவர் இப்படித்தான் செய்தார். கோட்டைத் துடைத்து முடிக்கும்வரை வரிசை முழுவதும் வெயிலில் காத்திருந்தது, என் இன்ஜினும் சூடேறிக்கொண்டே இருந்தது. குழியைச் சுற்றிக்கொண்டு போங்கள். ஒட்டியிருக்கும் சிறு கற்கள் உதிர ஒரு சின்னச் சுழற்று, அது போதும். புகை கிளப்புவதால் நம் டயருக்கு ஒரு நன்மையும் இல்லை.

அதே காரணத்துக்காகத்தான் நான் வரிசையில் சேரும் முன்பே ஏசியை அணைத்துவிடுகிறேன். அதிலிருந்து சொட்டும் நீரும் தடத்தில்தான் விழும். ஹெல்மெட்டைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவின் டிராக் ரேஸ் அமைப்பான என்எச்ஆர்ஏவின் விதிப்படி கால் மைலை 13.99 அல்லது அதற்கும் குறைவான நேரத்தில் ஓடும் கார்களுக்குத்தான் அது கட்டாயம். நான் அந்த வேகத்துக்கு வரவில்லை, ஆனாலும் ஹெல்மெட் இல்லாமல் கோட்டுக்குப் போக மாட்டேன். வாதமே வேண்டாம். வீட்டுக்குக் கிளம்பும் முன் டயரில் காற்றைத் திரும்ப 33க்கு ஏற்றிவிடுங்கள், 26இல் சாலையில் ஓட்டாதீர்கள்.

அடுத்த முறை காற்றையும் கிளட்சையும் இப்படியே வைத்துக்கொண்டு, மூன்றாவது கியருக்கு மாறும் இடத்தை மட்டும் 300 சுற்று முன்னால் கொண்டுவந்து பார்க்கப் போகிறேன். இனி ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். ஸ்லிப்பை அப்படியே காட்டுகிறேன், 60 அடி வரியிலிருந்து.