பலகையில் பட்டு விழும் பந்து

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நேயர்களுக்கு வணக்கம். கூடைப்பந்து ஆடும் நம் பிள்ளைகளிடம் பிடித்த வீரர் யார் என்று கேட்டால் ஜோர்டான், கோபி, லெப்ரான் என்று அடுக்குவார்கள். டிம் டங்கன் பெயர் அநேகமாக வராது. அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ.வில் ஒரே அணியில் 19 பருவங்கள் ஆடி 5 முறை கோப்பை வென்றவர். அவர் ஆட்டம் அலுப்பூட்டுகிறது என்று அமெரிக்கர்களே குறைப்பட்டதுண்டு. உடற்கல்வி ஆசிரியனான எனக்கோ அவரைவிட நல்ல பாடம் கிடைத்ததில்லை.

கரீபியன் கடலில் செயின்ட் குரோய் என்ற சிறு தீவில் 1976-இல் பிறந்தார். முதலில் நீச்சல்காரர். அக்கா டிரிசியா 1988 சியோல் ஒலிம்பிக்கில் நீந்தியவர். தம்பிக்கும் அதே ஆசை. மறு ஆண்டு ஹியூகோ புயல் தீவின் பெரிய நீச்சல் குளத்தைச் சிதைத்துவிட்டது. கடலில் பயிற்சி செய்யலாம் என்றார்கள். சுறாவுக்குப் பயந்து பையன் ஒதுங்கிக்கொண்டான். கிணற்றில் குதித்தே நீச்சல் பழகிய பென்னாகரத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், நம் கிணறுகளில் சுறா இல்லை. 1990-இல், அவனுடைய 14-ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், தாயார் புற்றுநோயால் இறந்தார்.

ஒன்பதாம் வகுப்பில்தான் கூடைப்பந்தைக் கையில் எடுத்தார். இதைப் பெற்றோர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கல்லூரியை முடிப்பேன் என்று தாயாருக்குக் கொடுத்த வாக்கையும் காப்பாற்றினார். படிப்பைப் பாதியில் விட்டுத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போயிருந்தால் பணம் கொட்டியிருக்கும். அவரோ வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் 4 ஆண்டுகள் இருந்து உளவியல் பட்டம் பெற்றார். 1997-இல் என்.பி.ஏ. அணிகள் புது வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுத்தபோது, சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி அவரை முதல் ஆளாக எடுத்துக்கொண்டது.

இனி அவருடைய கைவேலைக்கு வருகிறேன். வளையத்துக்குப் பின்னால் பலகையில் ஒரு செவ்வகம் இருக்கும். பக்கவாட்டில் சாய்வாக நின்று அதன் மேல்மூலையில் பந்தைப் பதமாக எறிந்தால், பலகை வேகத்தை வாங்கிக்கொண்டு பந்தை வளையத்துக்குள் இறக்கிவிடும். எம்பிப் பறக்க வேண்டாம். இடமும் கோணமும் பிசகாமல் இருந்தால் போதும். டங்கன் இதை வைத்தே எதிரணிகளைச் சலிக்கவைத்தார். 2003 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் 21 புள்ளிகள், 20 ரீபவுண்ட் (தவறிய பந்தைப் பிடிப்பது), 10 அசிஸ்ட் (கூட்டாளி கூடையில் போட பந்து கொடுப்பது), 8 பிளாக் (எதிராளி எறிந்த பந்தைத் தடுப்பது). கோப்பையும் அன்றே கைக்கு வந்தது.

2013 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் வேறு கதை. கடைசி நிமிடத்தில் மயாமி அணிக்கு எதிராக, வளையத்தின் அருகிலேயே எறிந்த பந்து தவறியது. தரையை ஓங்கி அறைந்தார். மறு ஆண்டு இறுதித் தொடரில் அதே மயாமியை 4-1 என்ற ஆட்டக் கணக்கில் வென்றபோது அவருக்கு வயது 38.

2016-இல் கோபி பிரையன்ட் ஊர் ஊராக விடைபெற்று ஓய்வுபெற்றார். அதே ஆண்டு ஜூலையில் டங்கன் ஓய்வை அணி ஓர் அறிக்கையாக வெளியிட்டது. பத்திரிகையாளர் கூட்டம்கூட இல்லை. எனக்கு அதுவே பிடித்தது.

ஊத்தங்கரை முதல் பாலக்கோடு வரை தலைமையாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வெயிலிலும் மழையிலும் நிற்கும் பலகைகளில் அந்தச் செவ்வகம் அழிந்திருந்தால், ஒரு டப்பா பெயிண்ட் வாங்கி வரைந்துவிடுங்கள். அகலம் 59 சென்டிமீட்டர், உயரம் 45, கோட்டின் தடிமன் 5. கீழ்க்கோட்டின் மேல்விளிம்பு வளையத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். நன்றி, வணக்கம்.