கொம்பும் காலும்

(அரசுப் பள்ளி ஆசிரியர்கள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். கரும்பலகையில் நான்கு சொற்கள் எழுதியிருக்கிறேன், பாருங்கள். கெடு, கேடு, கொடு, கோடு. நமக்கு இதைப் படிக்க ஒரு நொடி போதும். ஐந்தாம் வகுப்பில் நான் பார்த்த ஒரு பையன் நான்கையும் ‘கெடு’ என்றே படித்தான். அவன் நோட்டில் ‘கவனம் இல்லை’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது, அதுவும் பல பக்கங்களில். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ‘கொடு’வில் கொம்பைத் தொட்டான், ‘க’வைத் தொட்டான், பின்னால் இருந்த காலைத் தொடாமலே ‘டு’வுக்குப் போய்விட்டான். நெற்றியெல்லாம் வேர்வை. கவனம் இல்லாத பிள்ளைக்கு அப்படி வேர்க்குமா?

‘கொ’ என்று சொல்லிப் பாருங்கள். முதலில் ‘க்’, அப்புறம்தான் ‘ஒ’. எழுத்திலோ முதலில் கொம்பு, நடுவில் க, கடைசியில் கால். ஒரே உயிரொலியை இரண்டாகப் பிரித்து மெய்க்கு முன்னும் பின்னும் வைத்திருக்கிறோம். கண் போகும் வரிசை ஒன்று, காது கேட்கும் வரிசை வேறொன்று. பெரும்பாலான பிள்ளைகள் சில மாதங்களில் இதைப் பிடித்துக்கொள்வார்கள். டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்புக் குறைபாடு, உள்ள பிள்ளைக்கு ஒலியைப் பிரித்து எழுத்தோடு பொருத்துவதே சிரமம் என்பதால், இங்கேதான் முதலில் தடுக்கி விழுகிறது.

‘ஆங்கிலத்துக்குத்தான் டிஸ்லெக்சியா, தமிழை எழுதியபடியே படிக்கலாமே’ என்று நல்ல ஆசிரியர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். தமிழ் ஆங்கிலத்தைவிட ஒழுங்கான எழுத்துமுறைதான், மறுக்கவில்லை. ஆனால் கடல், அகலம், தங்கம் மூன்றிலும் அதே ‘க’ மூன்று விதமாக ஒலிக்கிறது. அதோடு 247 எழுத்துகள். தமிழ்ப் பிள்ளையின் சிரமம் பெரும்பாலும் வேகத்தில் தெரியும். தப்பில்லாமல் படித்தாலும் எழுத்து எழுத்தாக இழுத்து இழுத்துப் படிப்பான். வரி முடியும்போது தொடக்கம் மறந்திருக்கும்.

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘வாளப்பளம்’ என்று எழுதும் பிள்ளையை உடனே இந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். அவள் வீட்டில் பேசுவதைக் காதால் சரியாகக் கேட்டு அப்படியே எழுதியிருக்கிறாள். அவளுக்குத் தெரியாதது ழகரம் மட்டும்தான்.

அறிவுக்கும் டிஸ்லெக்சியாவுக்கும் சம்பந்தமில்லை என்பது நேற்று வந்த கண்டுபிடிப்பும் அல்ல. 1896இல் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர், படிக்க வராத பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி எழுதினார். பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் இவன்தான் பள்ளியில் கெட்டிக்காரன் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதாக அதில் வருகிறது. அந்த வாத்தியார் பையனைச் சரியாகப் பார்த்திருக்கிறார்.

சரி, என்ன செய்வது? முதலில் இம்போசிஷனை விடுங்கள். தப்பாகப் படித்த சொல்லைப் பத்து முறை எழுதினால் கைதான் வலிக்கும். புத்தகத்தை மூடிவிட்டுக் காதிலிருந்து தொடங்குங்கள். ‘மாடு’வில் ‘மா’வை எடுத்துவிட்டு ‘கா’ போட்டால் என்ன? காடு. ‘பா’ போட்டால்? பாடு. இது விளையாட்டாகவே போகும். அப்புறம் கொஞ்சம் எழுத்து. ட, ப, ம, மேலே வைக்கும் புள்ளி, இவ்வளவு தெரிந்தாலே படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் படித்துவிடலாம். தெரிந்த எழுத்துகளில் மட்டும் அமைந்த வரிகளைக் கொடுங்கள். ஊகிக்க வேண்டிய தேவையே வராது. எழுத்தை மணலில் விரலால் எழுதியபடி வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். திண்ணைப் பள்ளியில் நம் பாட்டன்மார் அப்படித்தானே படித்தார்கள்! கண், காது, வாய், விரல் நான்கும் சேர்ந்து ஒரே எழுத்தைப் பிடித்துக்கொள்ளும்.

முதலில் சொன்ன ஐந்தாம் வகுப்புப் பையனுக்குக் கொம்பைப் பச்சையிலும் காலைச் சிவப்பிலும் எழுதிக் கொடுத்தோம். தினமும் 20 நிமிடம், நான்கைந்து பிள்ளைகள், ஒரே ஆசிரியை. மூன்றாவது வாரம் ‘கோடு’ என்று படித்துவிட்டு, தானே திரும்பி வந்து அந்தச் சிவப்புக் காலைத் தொட்டுப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். வேகம் இன்னும் வரவில்லை, அதற்கு வருடக்கணக்கில் ஆகலாம்.

இதை யார் செய்வது என்றால் உடனே எல்லோரும் சிறப்பாசிரியர்களை அனுப்பும் வட்டார வள மையத்தைக் கை காட்டுகிறோம். சிறப்பாசிரியர் வந்து போகும் நாளில் மட்டும் நடக்கிற வேலை இல்லை இது. அவர் வரும்போது வகுப்பாசிரியரும் கூடவே உட்கார்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். மற்ற நாட்களில் அதைத் தொடரக் கால அட்டவணையில் ஒரு பாதிப் பாடவேளை வேண்டும். அதைக் கொடுக்க வேண்டியவர் தலைமையாசிரியர். இது அவர் தயவும் அல்ல. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடும் ஒன்று. அதைச் சீக்கிரமே கண்டறிந்து அதற்கேற்பக் கற்பிப்பது பள்ளியின் கடமை என்று 16ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கு முன்பிருந்த 1995 சட்டத்தில் இந்தப் பிள்ளைகளுக்கு இடமே இருக்கவில்லை.

எனக்கு அதிகக் கவலை ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றித்தான். தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டம் தொடக்க வகுப்புகளுக்குத்தான். படிக்க வராமலே அதைத் தாண்டி மேலே போய்விட்ட பிள்ளைக்கு அறிவியல், சமூக அறிவியல் எல்லாமே எழுத்தாகத்தான் வருகிறது. அவனை எழுப்பி நிறுத்தி எல்லார் முன்னாலும் வாசிக்கச் சொல்லாதீர்கள். வினாத்தாளை நீங்கள் படித்துக் காட்டுங்கள், பதிலை அவன் வாயால் சொல்லட்டும். ஒளிச்சேர்க்கை அவனுக்குத் தெரிந்திருக்கும், அந்தச் சொல்லைப் படிக்கத்தான் தெரியாது.

இந்த மாதம் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். ஆறாம் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்து, மற்றவர்கள் இல்லாத இடத்தில், ஒரு பத்தி படிக்கச் சொல்லிக் கேளுங்கள். விரல் எங்கே நிற்கிறது, எதைத் தாண்டிப் போகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டோடு வாருங்கள், அதிலிருந்து தொடங்குவோம்.