ஒத்தை டேங்குக்குக் கம்மி செலவுல பேக்பிளேட், விங்: சேலத்துலேயே பாதி வேலை முடிஞ்சிரும்

வணக்கமுங்க. மேஜை மேல ரெண்டு தகடு இருக்கு, பாருங்க. ஒண்ணு ஸ்டீல், ஒண்ணு அலுமினியம். அளவும் வளைவும் ரெண்டுக்கும் ஒண்ணுதான். தராசுல வச்சா ஸ்டீல் 2.7 கிலோ, அலுமினியம் 0.9 கிலோ. முதுகுல ஒத்தைக் காத்து டேங்க் மாட்டிக் கடலுக்குள்ள ஸ்கூபா டைவ் பண்றவங்க கையைக் கடிக்காம ஒரு பேக்பிளேட் (முதுகுத் தகடு), விங் (காத்துப் பை) செட் எப்படிச் சேர்க்கிறதுன்னு இன்னிக்குப் பார்த்துருவோம்.

சேலத்துல ஏதுய்யா கடலுன்னு கமெண்ட்ல ஆரம்பிச்சிராதீங்க. இதுல முக்கால்வாசி வேலை வீட்டுத் திண்ணையில நடக்கிற வேலை. அதுவும் எவர்சில்வர் தகடுன்னு வந்துட்டா, கஞ்சமலை அடிவாரத்துல உருக்காலையை வச்சிருக்கிற ஊருக்கு வெளியாளு வந்து பாடம் எடுக்க வேண்டியதில்ல.

டைவ் சென்டர்ல குடுக்கிற ஜாக்கெட் பிசிடியில, அதாவது தண்ணிக்குள்ள மிதப்பைக் கூட்டிக் குறைக்கிற காத்து ஜாக்கெட்டுல, எல்லாமே ஒண்ணாத் தைச்சிருக்கும். இதுல தனித்தனி. முதுகுக்கு ஒரு தகடு, உடம்புல கட்ட ஒரு நீளப் பட்டை, தகட்டுக்கும் டேங்குக்கும் நடுவுல காத்து அடிக்கிற பை. அந்தப் பைதான் விங். இந்த அமைப்பு 1979-ல ஃப்ளோரிடா குகை டைவர்களுக்காக கிரெக் ஃப்ளானகன்ங்கிறவர் தொடங்கி வச்சது, பில் ஹோகார்த் மெயின் அதை இன்னும் சுருக்கி எளிமையாக்கினார். ஒரே பட்டையில முடியற ஹார்னஸுக்கு, அதாவது உடம்புல கட்டற கட்டுக்கு, இன்னிக்கும் ஹோகார்த்தியன்னுதான் பேரு. தனித்தனியா இருக்கிறதாலதான் செலவைக் குறைக்க முடியுது. ஒண்ணு வீணாப் போனா அதை மட்டும் மாத்திக்கலாம்.

ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன். காசு மிச்சம் பிடிக்கிறதுன்னா தகட்டுல பிடிங்க, பட்டையில பிடிங்க. விங்ல பிடிக்காதீங்க. தகடு வெறும் வளைச்ச இரும்பு, அது கெட்டுப்போக ஒண்ணுமில்ல. விங்ல வால்வு இருக்கு, ஸ்பிரிங் இருக்கு, ஒட்டு இருக்கு. கெட்டுப்போறது எல்லாம் அங்கதான்.

இப்ப தகடு. ஸ்டீலா அலுமினியமாங்கிறதை மூழ்கறதுக்காக இடுப்புல எத்தனை கிலோ ஈயம் கட்டறீங்கங்கிறதை வச்சு முடிவு பண்ணுங்க. ஸ்டீல் தகடு தண்ணிக்குள்ள சுமார் 2.3 கிலோ கீழ இழுக்கும். அலுமினியம் அரை கிலோதான் இழுக்கும். ஜாக்கெட்டோட ஸ்பாஞ்ச், துணி எல்லாம் கொஞ்சம் மிதக்கும், அதை அமுக்கவே அரை கிலோ, முக்கால் கிலோ ஈயம் போயிரும். 3 மில்லி முழு வெட்சூட்ல (குளிர் தாங்கற ரப்பர் உடை) 4 கிலோ ஈயம் கட்டறவர் ஸ்டீல் தகட்டுக்கு மாறினா, பெல்ட்ல ஒரு கிலோ இருந்தாப் போதும். அதுவே ரேஷ்கார்டுங்கிற மெல்லிசு நீச்சல் சட்டை, ஷார்ட்ஸோட இறங்கி ரெண்டு கிலோவுல சமாளிக்கிறவருக்கு ஸ்டீல் வேண்டாம். அவசரத்துக்கு பெல்ட்ல கழட்டிப் போட ஒண்ணுமே மிஞ்சாது. விங் கிழிஞ்சா காலை உதைச்சே மேல வர முடியணும், அந்தக் கணக்கும் மனசுல இருக்கட்டும். அந்தமானுக்கு ஃபிளைட்ல போறவங்களுக்கு இன்னொண்ணு: அலுமினியத் தகடு எடுத்து 15 கிலோ லக்கேஜ்ல 1.8 கிலோ மிச்சம்னா அதுவே ஒரு ரெகுலேட்டர் செட்டோட (டேங்க்ல இருந்து மூச்சிழுக்கிற கருவி) எடை.

சரி, லேசர் கட்டிங் பட்டறையில குடுத்து வெட்டிக்கலாமான்னு நிறைய பேரு கேக்கறீங்க. வெட்டிக்கலாம், ஆனா நாலு இடத்துல வழுக்கும்.

முதல் வழுக்கல், தகட்டோட கிரேடு. வேணும்கிறது 3 மில்லி தகடு, 316 கிரேடு. 316-ல ரெண்டு மூணு சதவீதம் மாலிப்டினம் இருக்கு, உப்புத் தண்ணியில புள்ளி புள்ளியா அரிக்காமக் காப்பாத்தறது அதுதான். 304-உம் பரவால்ல. டைவ் முடிச்சதும் நல்ல தண்ணியில கழுவினா பல வருஷம் ஓடும், பழுப்புக் கறை மட்டும் வரும். 202 வேண்டவே வேண்டாம். பாத்திரக் கடையில மலிவா வர்றது பெரும்பாலும் 200 வரிசைதான். காந்தம் ஒட்டலைன்னா நல்ல சரக்குன்னு சிலர் சொல்லுவாங்க, அதை நம்பாதீங்க. 202-லயும் காந்தம் ஒட்டாது, 304-லயும் ஒட்டாது. சொட்டு விட்டுப் பார்க்கிற மாலிப்டினம் டெஸ்ட் வச்சிருக்கிற தகடு வியாபாரிகிட்ட வாங்குங்க, பில்லுல கிரேடு எழுதச் சொல்லுங்க.

அடுத்தது துளை. விங்கை மாட்டற ரெண்டு போல்ட் துளைக்கும் நடுவுல 11 அங்குலம், அதாவது 279 மில்லி. எந்தக் கம்பெனி விங்கா இருந்தாலும் பெரும்பாலும் இதே கணக்குத்தான். அஞ்சு மில்லி தப்பினா போல்ட் இறங்காது. துளையையும் பட்டை நுழையற கீறலையும் வளைக்கிறதுக்கு முன்னாடியே வெட்டிரணும். வளைச்ச பிறகு வெட்ட ஆரம்பிச்சா கோணலாயிரும். தெரிஞ்சவங்களோட தகடு ஒண்ணைக் கேட்டு வாங்கி, அட்டையில அச்செடுத்துக் குடுத்திருங்க.

மூணாவது, விளிம்பு. லேசர் வெட்டின விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், நைலான் பட்டையை மாசக்கணக்குல மெல்ல மெல்ல அறுத்திரும். ஒவ்வொரு கீறலையும் உள்பக்கமா அரத்தால ராவி, பழைய துணியை நுழைச்சு இழுத்துப் பாருங்க. ஒரு நூல்கூட மாட்டக் கூடாது.

நாலாவதை யாருமே சொல்ல மாட்டாங்க. பட்டறையில சாதா இரும்பைத் தேய்ச்ச அதே கிரைண்டிங் சக்கரத்தை இதுலயும் வச்சா, இரும்புத்தூள் எவர்சில்வர்ல ஒட்டிக்கும். நாலு டைவ்ல துரு பூக்கும், 316 வாங்கியும் ஏமாத்திட்டாங்கன்னு தோணும். குத்தம் தகட்டுல இல்ல, சக்கரத்துல. புதுச் சக்கரம் போடச் சொல்லுங்க, அதுக்கு ஆகிற காசைச் சேர்த்தே குடுத்திருங்க.

உயரம் அஞ்சேகாலுக்குக் கீழன்னா சின்ன அளவுத் தகடு தேடுங்க. முழு அளவு போட்டா அடி விளிம்பு இடுப்பு எலும்புல இடிச்சுக்கிட்டே இருக்கும்.

அடுத்து விங். நம்ம கரையில டைவ் சென்டர்கள்ல குடுக்கிறது பெரும்பாலும் அலுமினியம் 80-ங்கிற டேங்க், 11.1 லிட்டர், 207 பார் அழுத்தம். இதுல அடைச்ச காத்தோட எடை மட்டுமே சுமார் 2.6 கிலோ. நிறைஞ்சிருந்தா முக்கால் கிலோ போல கீழ இழுக்கும், காலியானா ரெண்டு கிலோ மேல தூக்கும். விங்குக்கு ரெண்டு வேலைதான். ஒண்ணு, டைவ் ஆரம்பத்துல அந்தக் காத்து எடையையும், ஆழத்துல வெட்சூட் நசுங்கி இழக்கிற மிதப்பையும் ஈடுகட்டணும். 3 மில்லி சூட்டுக்கு ரெண்டும் சேர்ந்து அஞ்சு கிலோவைத் தாண்டாது. இன்னொண்ணு, மேல்தண்ணியில செட்டைக் கழட்டி விட்டாலும் அது மூழ்கக் கூடாது. ஸ்டீல் தகடு, நிறை டேங்க், ரெகுலேட்டர் எல்லாம் சேர்ந்தும் அஞ்சு கிலோ பக்கம்தான். அப்ப 11-ல இருந்து 13 கிலோ தூக்கற விங், அதாவது 25-ல இருந்து 30 பவுண்டு, தாராளம்.

பெருசா இருந்தா நல்லதுதானேன்னு 20 கிலோ விங் வாங்கறவங்க இருக்காங்க. அது ரெட்டை டேங்குக்கு வெட்டினது. ஒத்தை டேங்க்ல மாட்டினா ரெண்டு பக்கமும் தோசை மாதிரி டேங்கைச் சுத்தி மடங்கிக்கும். மடிப்புல காத்து சிக்கிக்கிட்டு வெளிய வராது, நீந்தறப்ப தண்ணியும் இழுக்கும்.

வடிவம் வளையமா இருக்கிறதை எடுங்க. கீழ ரெண்டு பக்கமும் சேர்ந்திருக்கிறதால காத்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தானா ஓடும். லாட வடிவத்துல ஒரு பக்கம் காத்து தேங்கினா, உடம்பைச் சாய்ச்சுத்தான் தள்ளணும். எலாஸ்டிக் கயிறு சுத்தின விங் மலிவாக் கிடைச்சாலும் எனக்குப் பிடிக்காது. மடிப்புக்கு மடிப்பு காத்து சிக்கும்.

பழசு வாங்கினா, வாயால ஊதி நிறைச்சு ராத்திரி பூரா வச்சிருங்க. காலையில தளர்ந்திருந்தா சோப்புத் தண்ணி தடவுங்க. குமிழி எங்க வருதுங்கிறதுதான் கேள்வி. பின்னாடி இருக்கிற டம்ப் வால்வுலயோ (காத்தை வெளிய விடற வால்வு) குழாய் முழங்கையிலயோ வந்தா ரப்பர் வளையம் மாத்தினா முடிஞ்சது. தையல் ஓரத்துல வந்தா விட்டுட்டு வாங்க. விங்குக்குக் காத்து ஏத்தற இன்ஃபிளேட்டர் பொத்தானை அமுக்கி விட்டா டக்குன்னு திரும்பணும். ஒட்டிக்கிட்டா தண்ணிக்குள்ள தானா காத்து ஏறும், ஆளை மேல தூக்கிட்டுப் போயிரும்.

டேங்கைத் தகட்டோட கட்ட ரெண்டு கேம் பேண்ட் (பக்கிளோட இறுக்கற பட்டை) வேணும், ஒண்ணு போதாது. தகட்டுல பேண்ட் நுழையக் கீறல் இருந்து, விங்ல டேங்க் ஆடாம இருக்கக் குட்டித் தலையணை மாதிரி ரெண்டு இருந்தா, நடுவுல போடற அடாப்டர் தேவையில்ல. அந்தச் செலவு மிச்சம். பேண்டை எப்பவும் நனைச்ச பிறகு இறுக்குங்க. நைலான் தண்ணி பட்டா நீளும், காஞ்சதை இறுக்கிட்டுக் குதிச்சா பத்தே நிமிஷத்துல டேங்க் நழுவும்.

பட்டை ரெண்டு அங்குல நைலான், நாலு மீட்டர், விறைப்பா இருக்கணும். கார் சீட் பெல்ட் பட்டை வேண்டாங்க. பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனா மெல்லிசு. பக்கிள் பல்லு பிடிக்காம வழுக்கும். வெட்டின நுனியை மெழுகுவத்தியில உருக்கிருங்க. சாமான் மாட்டற டி-ரிங் வளையம் அஞ்சு: தோளுக்கு ரெண்டு, இடது இடுப்புல ஒண்ணு, கவட்டைப் பட்டையில (காலிடுக்கு வழியா வர்ற பட்டை) முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. தோள் ரிங் அக்குள் மட்டத்துக்குக் கொஞ்சம் மேல இருக்கட்டும், வலது கைக்கு இடது ரிங் எட்டணும். தோள் மெத்தை, கிளிப் எல்லாம் வாங்காதீங்க. மெத்தை மிதக்கும், அதுக்கும் சேர்த்து ஈயம் கட்டணும்.

கவட்டைப் பட்டை இல்லாம யாரும் இறங்காதீங்க. விங்ல காத்து ஏறினதும் தகடு முதுகுல மேல ஏறி, டேங்க் வால்வு பின்மண்டையில இடிக்கும். கவட்டைப் பட்டையோட முன்னாடி, இடுப்புப் பட்டை நுழையற வளையத்தை பேக் தைக்கிற கடையில பாலியஸ்டர் நூல்ல தைச்சுக்கலாம், பருத்தி நூல் இத்துப்போயிரும். இடுப்பு பக்கிளை நட்டநடுவுல வைக்காம வலது பக்கமா கொஞ்சம் தள்ளுங்க. நடுவுல இருந்தா அந்த வளையமே அதைத் திறந்து விட்டிரும்.

அளவு பார்க்கிறப்ப வெட்சூட் போட்டுக்கிட்டுப் பாருங்க. பனியனோட அளவெடுத்தா கடல்ல மாட்டவே முடியாது. தோள் பட்டைக்குள்ள உள்ளங்கை சுளுவா நுழையணும், கையைப் பின்னாடி வளைச்சா விரல் தகட்டோட மேல் விளிம்பைத் தொடணும்.

எடையை நீச்சல் குளத்துல சரிபார்க்கலாம். டேங்க் 50 பார்ல இருக்கணும், விங்ல காத்து சுத்தமா இருக்கக் கூடாது. சாதாரணமா மூச்சிழுத்து அப்படியே பிடிச்சா, தண்ணி கண் மட்டத்துல நிக்கணும். ஆனா அது நல்ல தண்ணிக் கணக்கு. கடல் தண்ணி ரெண்டரை சதவீதம் கனம். ஆளும் சாமானும் சேர்ந்து நூறு கிலோன்னா, புதுச்சேரியில இன்னும் ரெண்டரை கிலோ கட்டணும். இதை மறந்துட்டுப் போயிட்டு அங்க மூழ்க முடியலைன்னு விங்கைக் குறை சொல்லக் கூடாது.

ஊருக்குத் திரும்பினதும் விங்குக்கு உள்ளயும் தண்ணி ஊத்தி, குலுக்கி, குழாய் வழியா வடிச்சிருங்க. போர் தண்ணி உப்பா இருந்தா கடைசி ஒரு தடவை குடிதண்ணி. அரைவாசி ஊதி நிழல்ல தொங்க விடுங்க.

அப்புறம், டைவ் முடிஞ்ச அன்னிக்கு ராத்திரியே ஏற்காட்டுல ரூம் போடாதீங்க. சேலம் 300 மீட்டருக்குள்ளதான் இருக்கு, ஏற்காடு 1500 மீட்டர் பக்கம். இருபது கொண்டை ஊசி ஏறினா உடம்புக்கு அது விமானத்துல ஏறின மாதிரிதான், ரத்தத்துல கரைஞ்ச நைட்ரஜன் குமிழியாகும். ஒத்தை டைவ்னா 12 மணி நேரம், ரெண்டு மூணு டைவ் போட்டிருந்தா 18 மணி நேரம் கீழயே இருங்க. தட்டுவடை செட் சாப்பிட்டுட்டு, அடுத்த நாள் மத்தியானம் மலை ஏறிக்கலாம்.