எந்த இசை நாடகம் எடுப்பது?

அனைவருக்கும் வணக்கம்.

பகலில் வேலைக்குப் போய்விட்டு இரவில் ஒத்திகை பார்க்கிறவர்கள் நிறைந்த அவை இது. உங்களில் பெரும்பாலோர் வசன நாடகங்கள் போட்டுப் பழகியவர்கள். இப்போது ஓர் இசை நாடகம் எடுத்துப் பார்க்கலாம் என்ற ஆசை பல குழுக்களில் வந்திருக்கிறது. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. ஆனால் “எந்த நாடகம் எடுக்கலாம்?” என்று கேட்டு வருகிறவர்களிடம், “உங்களில் யார் பாடுவார்கள், அவருக்கு எத்தனை கட்டை சுருதி, அதாவது எந்த உயரத்தில் பாட வரும்?” என்றுதான் நான் முதலில் கேட்கிறேன். கதையைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

1918-இல் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். நடிகர்கள் அத்தனை பேரும் சிறுவர்கள். பின்னாளில் பெயர்பெற்ற நடிகர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகத்துக்குள் வந்தது அங்கேதான். அவர்களில் ஒருவனான சிறுவன் சண்முகத்துக்காக ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தைப் பாட்டும் வசனமுமாகச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார். இதைச் சண்முகமே பின்னாளில் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஒரே இரவா என்று எல்லோரும் வியக்கிறோம். வியக்க வேண்டியதுதான். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அவர் யாருக்காக எழுதினார் என்பது. பாடப்போகும் பையன் அவர் கண்முன்னே இருந்தான். அவன் குரல் எங்கே ஏறும், எங்கே நிற்கும் என்பது தினமும் பாட்டுச் சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? நம் குழுக்களில் இது தலைகீழாக நடக்கிறது. நாடகத்தை முடிவு செய்து, நோட்டீசும் அடித்துவிட்டு, அப்புறம் பாடுகிறவரைத் தேடுகிறோம்.

சுருதி விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் குழுக்கள் அதிகமாக இடறுவது இங்கேதான். பொதுவாக ஆண் குரலுக்கு ஒன்று, ஒன்றரை, இரண்டு கட்டை. பெண் குரலுக்கு ஐந்து, ஐந்தரை. தனித்தனியாகப் பாடும்வரை பிரச்சினை இல்லை. சுவாமிகளின் ‘வள்ளி திருமண’த்தில் வேடனாக வந்த முருகனும் வள்ளியும் தினைப்புனத்தில் தர்க்கம் செய்கிறார்கள். ஓர் அடி அவர், ஓர் அடி அவள். காட்சிக்குக் காட்சி சுருதி மாற்றலாம். அடிக்கு அடி மாற்ற முடியுமா? அவள் சுருதியில் வைத்தால் அவருக்குத் தொண்டை கிழிகிறது. அவர் சுருதியில் வைத்தால் அவள் குரல் அடியில் அமுங்கிப் போகிறது. சிறுவர்களே பெண் வேடமும் கட்டிய பாய்ஸ் கம்பெனிகளில் இந்தச் சிக்கல் இல்லை. ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள் பல வருடச் சாதகத்தால் இதைத் தாண்டியவர்கள். மதுரையிலிருந்து ராஜபார்ட் (கதாநாயகன்), புதுக்கோட்டையிலிருந்து ஸ்திரீபார்ட் (கதாநாயகி) என்று வந்து, ஒத்திகையே இல்லாமல் விடிய விடிய உச்ச சுருதியில் பாடுகிறார்கள். அந்தக் கலைஞர்களை நான் வணங்குகிறேன். அவர்கள் இத்தனை லேசாகப் பாடுவதைக் கேட்டுத்தான் நாமும் முதல் முயற்சிக்கே ‘வள்ளி திருமண’த்தை எடுத்துவிடலாம் என்று நினைக்கிறோம். வேண்டாம். சில நாடகங்கள் போட்ட பிறகு எடுங்கள்.

முதல் முயற்சிக்கு நான் சொல்வது ‘மயான காண்டம்’. அரிச்சந்திரன் கதையில் அந்த ஒரு பகுதி மட்டும். முக்கியப் பாத்திரங்கள் மூன்றே பேர்: அரிச்சந்திரன், சந்திரமதி, பாம்பு தீண்டி இறக்கும் லோகிதாசன். அங்கே பாட்டின் கனம் விருத்தங்களிலும் புலம்பலிலும் இருக்கிறது. விருத்தத்துக்குத் தாளக்கட்டு கிடையாது. பாடுகிறவர் தம் மூச்சுக்கு ஏற்ற இடத்தில் நிறுத்தலாம், சொல்லை இழுத்துச் சொல்லலாம், அடுத்த அடிக்கு முன் ஆர்மோனியத்தை ஒரு வரி வாசிக்கவிடலாம். நல்ல குரல் இருக்கிறது, தாளம்தான் கைவரவில்லை என்பவர்கள் எல்லாக் குழுவிலும் உண்டு. அவர்களுக்கு இதைவிட நல்ல இடம் எங்கே? அதோடு நடிப்புக்கும் இடம் இருக்கிறது. பெற்ற பிள்ளையின் பிணத்தோடு வந்தவளிடம், அவள் தன் மனைவி என்று அறியாமல், முழத்துண்டும் கால்பணமும் கேட்கிறான் ஒருவன். வசன நாடகத்தில் தேர்ந்த உங்கள் நடிகர்கள் அதில் ஒளிர்வார்கள். யாழ்ப்பாணத்து நடிகர் வி.வி. வைரமுத்துவின் அரிச்சந்திரனை அந்த மண்ணில் இன்றும் பேசுகிறார்கள் என்றால், அந்தக் காட்சி நடிகருக்குத் தரும் வாய்ப்பும் அதற்கு ஒரு காரணம்.

லோகிதாசனுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையனை எடுத்தால் ஒன்றைக் கவனியுங்கள். மகரக்கட்டு வந்துவிடும். தை மாதம் குயில் மாதிரி பாடியவன் ஆடி மாதம் வாய் திறந்தால் குரல் இரண்டாகப் பிளக்கும். அந்தக் காலத்துக் கம்பெனிகளில் எத்தனையோ பிள்ளைகளின் பிழைப்பை அது புரட்டிப் போட்டிருக்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளையாகப் பாருங்கள். பெண் குழந்தையாக இருந்தாலும் நல்லதுதான்.

மூன்று பேர் நாடகம் என்றால் மற்றவர்கள் என்ன செய்வது என்று சில பெரிய குழுக்கள் கேட்கும். நியாயமான கேள்வி. குழுவில் முப்பது பேர் இருந்து, தனித்துப் பாடக்கூடியவர் ஒருவர்கூட இல்லையென்றால் சங்கரதாஸ் சுவாமிகளை விட்டுவிட்டுக் கூத்துப் பக்கம் போங்கள். மட்டக்களப்பு வடமோடிக் கூத்தில் அண்ணாவியார், அதாவது கூத்தைப் பழக்கி நடத்துகிறவர், மத்தளத்தோடு நிற்க, நடிகர் பாடும் அடியைப் பிற்பாட்டுக்காரர்கள் கூட்டமாக ஏற்றுப் பாடுவார்கள். ஒருவர் குரல் தளர்ந்தாலும் பாட்டு விழாது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962-இல் ‘கர்ணன் போர்’, அதன் பிறகு ‘இராவணேசன்’ என்று இந்தக் கூத்துகளை மேடைக்குக் கொண்டுவந்தார். ஆடிப் பாடியவர்கள் மாணவர்கள், உங்களைப் போன்றவர்கள்தான். விடிய விடிய ஆடிய கூத்தை நகரத்து அரங்கில் உட்கார்ந்து பார்க்கக்கூடிய நேரத்துக்குள் அவர் சுருக்கினார். சுருக்கியபோதும் ஆட்டத்தையும் கூட்டுப்பாட்டையும் அவர் கைவிடவில்லை. சுருக்க நினைக்கிற ஒவ்வொருவரும் அதைப் படிக்க வேண்டும். நம்மவர்கள் முதலில் கை வைப்பது பாட்டில்தான். வசனம் அப்படியே நிற்கும். பிறகு அதை இசை நாடகம் என்று எப்படிச் சொல்வது?

என்னைக் கேட்டால், முழுக்கதையை இரண்டு மணி நேரத்துக்குள் திணிப்பதைவிட ஒரு காண்டத்தை எடுத்து நிதானமாகப் பாடுவது எவ்வளவோ மேல். 1891-இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். படித்தவர்கள், உத்தியோகத்தில் இருப்பவர்கள் நாடகமாடத் துணிந்த சபை அது. அமெச்சூர் என்று நாம் சொல்லிக்கொள்வதற்கு அங்கேதான் வேர். வசனத்தை முன்னுக்குக் கொண்டுவந்து, நேரத்தையும் குறைத்தது அந்த மரபு. அதன் பிள்ளைகள்தான் நாம். அதனால் பாட்டு வந்தவுடன் அவசரப்படுகிற பழக்கம் நம் கையில் இருக்கிறது. பார்வையாளர்களுக்குப் பாட்டு சலிக்கவில்லை, நமக்குத்தான் பயம்.

உரிமை பற்றியும் கேட்டார்கள். சுவாமிகள் 1922-இல் மறைந்தார். நம் சட்டப்படி ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டு வரைதான் உரிமை. ஆகவே அவர் நாடகங்களை யாரும் எடுக்கலாம். இன்னொருவர் இப்போது எழுதிய நாடகம் என்றால், அமெச்சூர் குழு கட்டணமில்லாத அவையினருக்கு நடத்துவதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. டிக்கெட் போட்டால் அனுமதி வாங்கியே ஆக வேண்டும். சினிமாப் பாட்டின் மெட்டை நடுவில் செருகுவதை நான் சட்டத்துக்காக மட்டும் எதிர்க்கவில்லை. அந்த ஒரு பாட்டுக்குக் கைதட்டல் விழும், அதற்குப் பின்னால் வரும் விருத்தம் எடுபடாது.

பிரதியை அச்சிட்ட நூலிலிருந்தே எடுங்கள். யூடியூபில் பார்த்து எழுதிக்கொண்டால், மேடையில் அந்தந்தக் கலைஞர் அன்றிரவு கட்டிய தர்க்கமும், சில நேரம் இரட்டை அர்த்தப் பேச்சும் சேர்ந்தே வரும். அவர்கள் மேடையில் அதற்கு ஓர் இடம் உண்டு. உங்கள் குழுவில் நடிக்க வரும் பெண்ணிடம் அந்த வரியைக் கொடுப்பதற்கு முன் உரக்க ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

முடிவாக எதையும் அறிவிப்பதற்கு முன், தேர்வுக் கூட்டத்துக்கே ஆர்மோனியக்காரரை அழைத்து வாருங்கள். பாடப்போகும் ஒவ்வொருவரும் நாடகத்தின் கடைசிப் பாட்டை, முதல் பாட்டை அல்ல, அவர் முன்னால் பாடட்டும். இரண்டு மணி நேரம் பேசியும் பாடியும் களைத்த தொண்டை கடைசியில்தான் சோதிக்கப்படும். அவர் அரைக் கட்டை இறக்கச் சொன்னால் இறக்குங்கள். இந்த நாடகம் உங்களுக்கு வேண்டாம் என்றால் அன்றைக்கே அடுத்த புத்தகத்தைத் திறங்கள்.